மான் ஹோட்டலுக்குப் பூட்டு

எனக்கு ஒரு டம்ளர் டீ வேண்டுமென்றால் நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் காட்டிலிருந்து இறங்கி வரும் மானுக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது, வெயில் ஏற ஏற எதைத் தேடும் என்பதெல்லாம் என் மனைவிக்கு விரல் நுனியில் இருக்கும். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி நான் சண்டை போட்டதுண்டு. இப்போது போடுவதில்லை. டீ போடப் பழகிவிட்டேன்.

அவள் வேலை அப்படி. எங்கள் ஊருக்கு மேலே, சரிவில் காடு தொடங்குகிற இடத்தில், வன அலுவலகம் மூன்று துண்டு வெற்று நிலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. மான், முயல், காடை, கௌதாரி இவையெல்லாம் தின்பதற்கென்றே அதில் பயிர் வைக்க வேண்டும். மேலே வயிறு நிறைந்துவிட்டால் அவை கீழே தோட்டங்களுக்கு வராது என்பது அவர்கள் போட்ட கணக்கு. விதைப்பதும் காப்பதும் என் மனைவியின் பொறுப்பு. பலகையில் 'வனவிலங்கு தீவனத் தோட்டம்' என்று எழுதியிருக்கும். ஊர் வைத்த பெயர் மான் ஹோட்டல். "ஹோட்டல்ல இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கடைவீதியில் அவளைக் கேட்பார்கள். "தட்டைப்பயறு. உங்களுக்குக் கிடையாது," என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள்.

நான் சொல்ல வந்தது மழை ஏமாற்றிய மூன்றாவது வருஷத்துக் கதை. நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். குழாய்கள் வறண்டதிலிருந்து என் லாரிச் சத்தம் கேட்டால்தான் தெருவில் கதவுகள் திறக்கும். அப்படி ஒரு வரவேற்பு எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்கப் போவதில்லை. அவளைப் பார்க்கிறவர்கள், "உனக்கென்னம்மா கவலை, வீட்டுலயே லாரி நிக்குது," என்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. ஒரு சாயங்காலம் தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சிக் கிடந்தது.

"மேல கொண்டு வந்து பயிருக்கு ஊத்திட்டுப் போறேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"குடத்தோட வரிசையில நிக்கிறவங்களுக்குத் தெரியும்," என்றாள். "மனுஷன் தொண்டை காயும்போது மானுக்குத் தண்ணி ஊத்துறேன்னு வைங்க. ஊர்க்காரங்க என்னை அடிக்க மாட்டாங்க. மானைத்தான் அடிப்பாங்க."

மிச்சத் தண்ணீர் கடைசித் தெருவுக்குப் போயிற்று. அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காட்டிலிருந்து இறங்கினால் முதலில் வருவது என் மச்சானின் தோட்டம். மச்சான் என்றால் அவளுடைய சொந்த அண்ணன். தங்கை மானுக்குச் சாப்பாடு போடுகிறவள், அண்ணன் மானை விரட்டுகிறவர். ஒரே வயிற்றில் இப்படி இரண்டு பேர். தகர டப்பா, பழைய கேசட் நாடா, உடைந்த கண்ணாடி என்று எதை எங்கே கட்டித் தொங்கவிட்டால் மான் மிரளும் என்பதில் மச்சானை மிஞ்ச ஆள் கிடையாது. கிணற்றில் ஊறுகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் நிலக்கடலை போட்டுவந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை என்று இருந்தது அது ஒன்றுதான். மான் வேறு எங்கே போகும்? முந்தின வருஷம் பாதிக் கடலையை மேய்ந்துவிட்டுப் போயிருந்தன. மிச்சப் பாதியை வைத்து மச்சான் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று எனக்குத் தெரியும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அப்படித்தான்.

அந்த வருஷம் விதைப்புக்கு முன்பே எங்கள் இருவரையும் தன் மோட்டார் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கால் வைக்க இடமில்லாமல் புதுக் கம்பி சுருள் சுருளாகக் கிடந்தது.

"இது எதுக்குன்னு கேக்க மாட்டியா?" என்றார் தங்கையிடம்.

"தெரியுது. கரண்ட் விடப் போற."

"டப்பாவுக்கெல்லாம் அதுங்க பழகிருச்சு. ஆட்டுனா திரும்பிப் பாத்துட்டு மறுபடி மேயுது. தோட்டத்தைச் சுத்தி இதை இழுத்துக் கட்டி, மோட்டார் லைன்லருந்து நேரா குடுத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சுது."

"செத்துரும்ணா."

"நான் மட்டும் என்ன, உசுரோடவா இருக்கேன்?"

என் வாய் சும்மா இருக்காது. "மச்சான், இது சட்டப்படி தப்பு," என்றேன்.

"நீங்க லாரியை ஓட்டுங்க மாப்ளே. சட்டத்தை நான் ஓட்டிக்கிறேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இந்த ஒரு வெள்ளாமை பொறுத்துக்க," என்றாள். "நீ கடலை வெட்டுற வரைக்கும் மான் மேலயே இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு. அதுக்கு முன்னாடி இறங்கிருச்சுன்னா, உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

மச்சான் கம்பிச் சுருளைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சரியென்றார். ஆனால் பேச்சோடு விடவில்லை. மறுநாளே தோட்டத்தைச் சுற்றிக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார். கரண்ட் மட்டும் கொடுக்கவில்லை. ஸ்விட்ச் மோட்டார் அறைச் சுவரில், அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

திரும்பி நடக்கும்போது, "மழையே இல்லாம எப்படி ஒப்புக்கிட்ட?" என்று கேட்டேன். "மழை வந்தா யார் வேணாலும் ஒப்புக்குவாங்க," என்றாள். அவள் இப்படித்தான் பேசுவாள். கேட்கிறவனுக்கு எரிச்சல் வரும். அதே சமயம் தைரியமும் வரும்.

முதல் வேலையாக மூன்று துண்டில் இரண்டைக் கைவிட்டாள். அகலக் கால் வைத்தால் மூன்றும் போகும் என்றாள். சரிவின் மடிப்பில் இருக்கும் பள்ளத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். மேலே எங்கே ஒரு தூறல் விழுந்தாலும் அதன் ஈரம் கசிந்து அங்கேதான் வந்து சேரும். ஏர் பூட்டவில்லை, டிராக்டரும் விடவில்லை. உழுதால் மண்ணுக்குள் இருக்கிற கொஞ்ச ஈரமும் ஆவியாகிவிடுமாம். போன வருஷத்துக் காய்ந்த பயிர்த்தட்டைகளை அப்படியே படுக்கப் போட்டு மண்ணை மூடினாள். அவற்றை விலக்கி, கடப்பாரையால் குழி குத்தி, குழிக்குள் விதையைப் போட்டுக் காலால் மிதித்து மூடினாள். நானும் லாரி ஓட்டம் இல்லாத நேரத்தில் போய்க் குழி குத்தினேன். கை கொப்புளித்தது. ஹோட்டலில் சமையலுக்கு ஆள் சேர்த்திருக்கிறார்கள் என்று கடைவீதியில் என்னையும் கிண்டல் செய்தார்கள்.

களையையும் அவள் எடுக்கவில்லை. ஒருநாள் மச்சான் மேலே வந்து பார்த்துவிட்டு, "இது வெள்ளாமையா, கோரைக்காடா?" என்று சிரித்தார்.

"களைன்னு நீதான் சொல்ற. மான் சொல்லலையே," என்றாள். "நிழலாச்சு, தீனியாச்சு. இருந்துட்டுப் போகட்டும்."

துண்டின் மேல் பாதியில் தட்டைப்பயறு போட்டிருந்தாள். கீழ்ப் பாதியில் குழி மட்டும் இருந்தது. என்ன விதை என்று அண்ணன் கேட்டபோது, "பாக்கலாம்," என்று சொல்லி மழுப்பிவிட்டாள். ஏன் மழுப்பினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அது சோளம்.

தட்டைப்பயறு தாக்குப்பிடித்தது. மான்கள் காலையும் மாலையும் வந்து கொழுந்தைக் கடிக்கும், களையைக் கடிக்கும், போய்விடும். பயிருக்கு நடுவில் கோழிக்கூடு மாதிரி ஒரு கம்பிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கூடைக்குள் இருக்கிற செடியை மான் தின்ன முடியாது. உள்ளே எவ்வளவு உயரம், வெளியே எவ்வளவு உயரம் என்று பார்த்தால் எவ்வளவு தீனி போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சோளத்திலும் அப்படி ஒரு கூடை உண்டு. ஆனால் சோளம் முழங்காலுக்கும் கீழே சுண்டிப்போய், தோகை சுருண்டு நின்றது. வளரவில்லை, சாகவும் இல்லை. அதைச் சுற்றி அவள் கைகொள்ளாமல் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தாள். தின்னக் கொடுக்கிற பயிருக்கு எதற்கு முள்வேலி என்று கேட்டேன். வளரட்டும் என்றாள்.

இப்படியே ஓட்டிவிட்டாள். கீழே மச்சானின் கடலை பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. மச்சானே ஒருநாள் லாரியை நிறுத்தி, "தங்கச்சி கெட்டிக்காரிதான் மாப்ளே," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் வீட்டில் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

பிறகு மழை வந்தது. ஒரே ஒரு மழை, ஒரு சாயங்காலம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. ஊரே தெருவில் நின்று நனைந்தது. இருக்கிற குடம், வாளி, அண்டா எல்லாம் வாசலுக்கு வந்தன. என் லாரியை அன்றைக்கு ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அந்த வார முடிவில், வேலை முடிந்து அவளைக் கூட்டிவர மேலே போனேன். பள்ளத்துண்டின் ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே சோளம் முழுக்கப் பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தது. பார்க்கக் கண்கொள்ளவில்லை.

"என்ன, ஊரே சந்தோஷமா இருக்கு, நீ இப்படி உட்கார்ந்திருக்க?"

"முள்ளு போயிருச்சு," என்றாள். மேட்டிலிருந்து இறங்கிய வெள்ளம் முள்ளையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மறுபடி வெட்டி அடைக்கப் பக்கத்தில் முள்ளும் மிச்சமில்லை.

"போனா என்ன? இனிமே நல்லா தின்னட்டும்."

"தின்னா செத்துரும்."

எனக்குப் புரியவில்லை. நான் டவுனில் வளர்ந்தவன். அவள்தான் சொன்னாள். தண்ணீரில்லாமல் சுண்டிக் கிடக்கும் சோளத்தில் விஷம் இருக்குமாம். அது மழையைக் கண்டு புதுத் துளிர் விடும்போது அந்தத் துளிரில் விஷம் இன்னும் கூடுதலாம். மாடு, ஆடு, மான் எதுவானாலும் நாலு வாய் கடித்தால் போதும். இடுப்பைத் தாண்டி வளர்ந்துவிட்டால் பயமில்லை.

"இது தெரிஞ்சும் ஏன் வெதைச்ச?"

"வேற எது இந்த வெயில்ல நிக்கும்? பருவத்துல மழை வந்திருந்தா முள்ளைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஆள் உயரம் வந்திருக்கும். சாகாத பயிருன்னு நம்பிப் போட்டேன். அது சாகல." பக்கத்துத் தோகை ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். "சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு பசு இருந்துச்சு. செவலைன்னு கூப்பிடுவோம். அண்ணன்தான் மேய்க்கும். இப்படித்தான் மழை பெஞ்ச நாலாம் நாளு, துளுத்த சோளத்துல வாயை வச்சிருச்சு. அண்ணன் மடியில தலையை வச்சுக்கிட்டு, மூச்சு வாங்க முடியாம, நுரை தள்ளி... அண்ணன் எந்திரிக்கவே இல்ல. மாட்டைப் பொதைக்கும்போதுதான் அண்ணனைப் பிரிச்சுத் தூக்குனாங்க. அன்னைலருந்து அது சோளமே வெதைச்சதில்ல."

அதனால்தான் அண்ணனிடம் மழுப்பியிருக்கிறாள்.

பிடுங்கி எறிந்துவிடலாமே என்றேன். பிடுங்கினால் பள்ளத்துண்டில் தட்டைப்பயறு மட்டும்தான் மிச்சம். அதில் வெளியே இருந்தது கணுக்கால் உயரம், கூடைக்குள் இருந்தது முழங்கால் உயரம். இன்னும் சில நாளில் தீர்ந்துவிடும். விட்டுவைத்தாலோ, தட்டைப்பயறு தீர்ந்ததும் மான் சோளத்தில் வாய் வைக்கும். விரட்டினால் நேரே கீழே மச்சானின் கடலைக்கு இறங்கும். அங்கே கம்பி தயாராக இருக்கிறது. மேலே விஷம், கீழே கரண்ட். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லுவோம். அன்றைக்கு அவள் முகத்தில் அதை நேரில் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. மானுக்காக அல்ல. அவள் உடைந்துவிடுவாளோ என்று.

நான் அவளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "வாங்க, அண்ணனைப் பாப்போம்," என்றாள்.

மச்சான் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, மானை விரட்டணும். உன்னை விட்டா எனக்கு வேற யாரு தெரியும்?"

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாப்ளே, கேட்டீங்களா? ஹோட்டல்காரி ஆள் வைச்சு வாடிக்கையாளரை அடிச்சுத் துரத்தப் போறாளாம்." எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கீழ்ப் பாதியில சோளம் போட்டேன். துளுத்திருக்கு."

மச்சான் சிரிப்பு நின்றுவிட்டது. மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"சோளமா?"

"ஆமா."

"உனக்குப் புத்தி இருக்கா?"

"இல்ல. இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போவுது?" என்றாள். "அது இடுப்பைத் தாண்டுற வரைக்கும் வெரட்டணும். வெரட்டுனா இங்கதான் வரும். நான் குடுத்த வார்த்தை தவறிப்போச்சு. கரண்ட் போடறது உன் இஷ்டம்னு அன்னைக்கே சொல்லிட்டேன். போடறதா இருந்தா இப்பவே சொல்லிரு. நான் வெரட்டல. கம்பியில துடிக்கறதுக்குப் பதிலா மேலயே தின்னுட்டுச் சாகட்டும். அந்தச் சாவு எப்படின்னு உனக்குத் தெரியும்."

இத்தனையும் குரலை உயர்த்தாமல் சொன்னாள். கெஞ்சவும் இல்லை. மச்சான் அவளைப் பார்க்கவில்லை. தன் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதையாவது சொல்லித் தொலைக்கப் போகிறேனோ என்று பயந்து வாயை இறுக மூடிக்கொண்டேன்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, இன்னைக்கு லாரிக்கு நடை பாக்கி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"முடிச்சிட்டு இங்க கொண்டு வாங்க."

நான் நடையை முடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தேன். தோட்டத்து ஓரத்தில் லாரியை நிறுத்தி இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். கடலையைச் சுற்றிக் கம்பியைக் காணோம். கம்பங்கள் மட்டும் நின்றன. மச்சான் கடைசிப் பக்கத்துக் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தகர டப்பாக்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். கேசட் நாடா இரண்டு சாக்கு நிறைய இருந்தது.

"மேல சோளத்தைச் சுத்தி இந்தக் கம்பியை ரெண்டு வரிசை கட்டணும்," என்றார். "டப்பா இங்கதான் பழகிருச்சு, மேல புதுசு. சோளம் ஏறுற வரைக்கும் தாங்கும். தூக்குங்க."

தூக்கினேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மச்சான், இதைக் கழட்டிட்டா கடலை என்ன ஆகும்?"

"கடலைக்கு என்ன?" என்றார் எரிச்சலாக. "அது விஷமா?"

என் மனைவி தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் பார்க்காத மாதிரி சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அண்ணனும் தங்கையும் மேலேதான் இருந்தார்கள். கம்பியில் தொங்கிய டப்பா காற்றில் கலகலக்கும், நாடா உறுமும். மான் கூட்டம் சோளத்தின் பக்கம் வந்தால் மச்சான் எழுந்து நின்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தத் தொண்டைக்கு என் லாரி ஹாரன் தோற்றுவிடும். அவள் கைவிட்டிருந்த மேட்டுத்துண்டுகளில் மழைக்குப் பிறகு புல் முளைத்திருந்தது. மான்களை அந்தப் பக்கம் ஒதுக்கி விடுவாள். அது மட்டும் அவற்றுக்குப் போதவில்லை. கீழே கடலையிலும் வந்து மேய்ந்தன. விடிந்ததும் மச்சான் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எத்தனை பாத்தி போயிற்று என்று அவளிடம் வந்து சொல்லித் திட்டுவார். நல்ல காது கூசும் வசவு. அவளும் பதிலுக்குத் திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து மேலே ஏறுவார்கள். மச்சானின் மனைவி எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு மான்கூட விழவில்லை. கடலையில் நாலில் ஒரு பங்கு போயிற்று. முந்தின வருஷம் பாதி போனதற்கு இது பரவாயில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். போனது உங்க கடலையா மாப்ளே என்று கேட்டார்.

சோளம் இடுப்பைத் தாண்டி, நெஞ்சு உயரம் வந்து, கதிர் எட்டிப் பார்த்தது. பயிர் சாகக் கூடாது என்றுதான் என் மனைவி முதலில் அதை விதைத்தாள். சாகாமல் நின்ற அந்தப் பயிரை ஒரு நாள் முழுக்க வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, "திறந்துரலாம்," என்றாள். மூன்று பேருமாகக் கம்பியை அவிழ்த்தோம். அவிழ்த்த சாயங்காலமே மான்கள் வந்தன. முதலில் ஒரு பெண் மான் வந்து, டப்பா எங்கே என்பது போல நின்று பார்த்துவிட்டு, தோகையைப் பிடித்து இழுத்துத் தின்றது. மச்சான் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தின்று முடித்து, அடுத்த தூருக்கு நகர்ந்து, காதை ஆட்டிக்கொண்டு அசைபோட ஆரம்பித்த பிறகுதான் அவர் மூச்சை விட்டார்.

வேலைச் சாமான் போட்டு வைக்க அங்கே ஒரு சின்னத் தகரக் கொட்டகை உண்டு. கம்பிச் சுருள்களை லாரியில் ஏற்றலாம் என்று நான் தூக்கினேன். மச்சான் தடுத்து, ஒவ்வொன்றாக எடுத்துப்போய்க் கொட்டகைக்குள் அடுக்கினார். அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தி, பூட்டையும் அவரே போட்டார்.

"வீட்டுக்குக் கொண்டு போகலையா?" என்று கேட்டாள்.

"அங்க மோட்டார் ரூம்ல கெடந்தா, என்னைக்காவது ஒரு நாள் கோவத்துல கை போயிரும்." சாவியை அவளிடம் நீட்டினார். "அடுத்த வருசமும் மழை இப்படித்தான் வந்து தொலைக்கும். உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். மச்சானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் மானைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "இருட்டுறதுக்குள்ள எறங்கணும், வா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.